மீட்டர் சொல்லாத கிலோமீட்டர்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் கதவைத் திறந்ததும் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். “எட்டு வருஷ வண்டி சார், முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு. டாக்டர் வெச்சிருந்தார்” என்பார் புரோக்கர். தமிழ்நாட்டில் கை மாறும் கார்களில் பாதியை டாக்டர்களும், மீதியை ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்களும்தான் ஓட்டினார்களோ என்று நினைக்க வைக்கும் அளவுக்கு இந்த வசனம் பழகிப்போய்விட்டது.

காரில் இருக்கும் பாகங்களிலேயே சுலபமாகப் பொய் சொல்ல வைக்கக்கூடியது மீட்டர். கேபிளில் ஓடிய அந்தக் கால மீட்டர்களில் எண் சக்கரங்களைக் கழற்றித் திருப்பி வைப்பார்கள். எண்கள் ஒரே கோட்டில் நிற்காமல் கோணலாக நின்றால் யாரோ கை வைத்தது தெரிந்துவிடும். டிஜிட்டல் மீட்டரில் அந்தத் தடயமும் கிடையாது. ஓடிய தூரம் மீட்டர் போர்டில் உள்ள சின்ன மெமரி சிப்பில் பதிவாகிறது. அதற்கென்றே இருக்கும் கருவியை மாட்டினால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சில நிமிடங்களில் நாற்பத்திரண்டாயிரம் ஆகிவிடும்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற வேலை இல்லை. மீட்டரைக் குறைப்பதற்கு எதிராக அமெரிக்காவில் 1972இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் ஆண்டுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட கார்கள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே மதிப்பிட்டிருக்கிறது. பெல்ஜியம் வேறு வழியில் போனது. 2006இல் தொடங்கிய ‘கார்-பாஸ்’ ஏற்பாட்டின்படி, அங்கே கார் சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் அன்றைய கிலோமீட்டர் ஒரு பொதுப் பதிவில் ஏறிவிடும். விற்பவர் அந்த வரலாற்றுத் தாளை வாங்குபவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். நம்மிடம் அப்படியொரு கட்டாய ஏற்பாடு இல்லாததால், அந்தத் தாளை வாங்குபவரே காரைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அது ஒன்றும் மந்திர வித்தை அல்ல. விற்பவர் எதற்கெல்லாம் மெனக்கெடுவார் என்று யோசித்தால் போதும். பாடிக்குப் பாலிஷ், சீட்டுக்குப் புதுக் கவர், ஸ்டீயரிங்குக்கு உறை, டாஷ்போர்டுக்குப் பளபளப்பு. மெனக்கெடாத இடங்கள் வேறு: கிளட்ச் பெடலின் ரப்பர், டிரைவர் சீட் பெல்ட்டின் ஓரம், ஏறி இறங்கும் பக்கத்துச் சீட்டின் விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம். நாற்பதாயிரம் ஓடிய வண்டியின் பெடல் ரப்பர் வரி தேய்ந்து வழவழப்பாகாது. ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு கேள்விதான்.

டயர் தேதியோடு பேசும். அதன் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. 2017 மாடல் கார், மீட்டர் 31,000 காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் 2020இல் தயாரானவை என்று வைத்துக்கொள்வோம். கார் டயர் சாதாரணமாக நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கும். மொத்தமே முப்பத்தோராயிரம்தான் ஓடியது என்றால், மூன்றாவது வருஷத்திலேயே நான்கையும் ஏன் மாற்றினார்கள்? டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி மட்டும் 2017 என்று சொன்னால், பழைய செட் தேய்ந்து தீர்ந்திருக்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதி.

கண்ணாடிகளும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த நிறுவனத்தின் முத்திரையும் ஆண்டைக் காட்டும் குறியும் இருக்கும். முன் கண்ணாடி மட்டும் வேறு ஆண்டு என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். லாரியிலிருந்து தெறித்த ஒரு ஜல்லி போதும் அதை மாற்றுவதற்கு. இடதுபக்கக் கதவுக் கண்ணாடிகள் இரண்டும் மாறியிருந்தால், அந்தப் பக்கத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

காகிதங்களிலும் இயந்திரத்தின் கதை ஒளிந்திருக்கிறது. ஃபார்ம் 29, ஃபார்ம் 30, கடன் ரத்துச் சான்று என்று பெயர் மாற்றத்துக்கான தாள்களைச் சரிபார்க்க எல்லோருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் பாலிசியில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்ற வரியை யாரும் படிப்பதில்லை. கிளெய்ம் வாங்காமல் ஒவ்வொரு வருஷம் கடக்கும்போதும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஆறு வருஷமாக முழு இன்சூரன்ஸ் எடுத்து வந்த காருக்கு இந்த ஆண்டு போனஸ் பூஜ்யம் என்றால், போன வருஷம் ஏதோ நடந்திருக்கிறது. அது ஒரு பம்பர் கீறலாகவும் இருக்கலாம், அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். இந்த போனஸ் வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கு உரியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே போனஸ் அதிகமாக இருப்பதை மட்டும் வைத்து வண்டிக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. உரிமையாளரின் சம்மதத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால், ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது, என்ன வேலை நடந்தது என்ற விவரம் கிடைக்கும். மீட்டர் பொய்யை உடைக்க இதைவிட எளிய வழி இல்லை.

மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகள் தனி ரகம். டாக்ஸியாக ஓடுகிற கார் ஒரே வருஷத்தில் ஓடும் தூரத்தை வீட்டுக் கார் பல வருஷத்தில்தான் ஓடும். கேரியர் போட்ட துளைகளை அடைத்த தடம், ஸ்டிக்கர் உரித்த இடத்தில் நிறம் கொஞ்சம் மாறியிருப்பது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய பிறகு தொங்கும் ஒயர் ஆகியவை அதன் பழைய உத்தியோகத்தைக் காட்டிக்கொடுக்கும். டாக்ஸியாக ஓடிய வண்டி கெட்ட வண்டி என்று அர்த்தமில்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய ஒரு லட்சம், சென்னை டிராஃபிக்கில் கிளட்ச்சை மிதித்து மிதித்து ஓடிய ஐம்பதாயிரத்தைவிட இன்ஜினுக்கு நல்லது. வீட்டு வண்டி விலை கொடுத்து அதை வாங்குவதுதான் நஷ்டம்.

அடுத்தது பாடி. டிங்கர் வேலை பார்த்த கதவையும் பார்க்காத கதவையும் கண்ணால் பிரிப்பது கடினம். நம் ஊர் டிங்கர்கள் அவ்வளவு கைதேர்ந்தவர்கள். அளவுக் கருவிக்கு அது தெரியும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். மேலே ஒரு கோட் அடித்தால் அது இரட்டிப்பாகும். உள்ளே பட்டி வைத்திருந்தால் 500, 1000 என்று எகிறும். கருவி இல்லாதவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் நழுவும்.

கதவில் கீறல் விழுந்து பெயிண்ட் அடித்ததற்காக ஒரு காரை ஒதுக்க வேண்டியதில்லை. எலும்புக்கூடு அடிபட்டதா என்பதுதான் முக்கியம். கதவு ஓரத்து பீடிங் ரப்பரை இழுத்துப் பார்த்தால் பில்லரின் விளிம்பில் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். தொழிற்சாலை ரோபோ வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் அவை. அவை இல்லாமல் வழவழவென்று தேய்த்து விட்டிருந்தாலோ, வெல்டிங் தழும்பு ஓடியிருந்தாலோ, பில்லரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்ததும் ஏப்ரன் ஓரத்தையும் இதேபோலப் பார்க்க வேண்டும். ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் அவை ஒருமுறை கழன்றிருக்கின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்களுக்குப் புதிதாக ஒரு பயம் சேர்ந்தது. அடித்தளப் பார்க்கிங்குகளில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் அதே காட்சி. அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு, காருக்கு இன்சூரன்ஸ் நிர்ணயித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி அதை ‘டோட்டல் லாஸ்’ என்று கணக்கை முடித்து, கிடப்பதை ஏலத்தில் விட்டுவிடும். ஏலத்தில் போனவை எல்லாம் உடைப்பதற்கே போய்ச் சேர்ந்தன என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

தண்ணீரில் நின்ற காரைவிட, தண்ணீரில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்யப்பட்ட கார் மோசம். பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. உள்ளே தண்ணீர் புகுந்த சிலிண்டரில் பிஸ்டன் மோதி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினை இறக்கிச் சரிசெய்துவிடலாம். ஒயரிங்கிலும் கம்ப்யூட்டர் பெட்டியிலும் பிடித்த பாசி அப்படிப் போகாது. ஒரு வருஷம் கழித்து ஒரு மழை நாளில் பவர் விண்டோ தானாக இறங்கும்போதுதான் அது வெளியே வரும்.

ஷாம்பு வாஷ் செய்து வாசனைத் திரவியம் அடித்த வெள்ளக் காரைக் கண்டுபிடிக்கச் சீட் பெல்ட் உதவும். அதைக் கடைசி வரை இழுத்தால், சுருளுக்குள் எப்போதும் மடங்கிக் கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு படிந்திருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பாக்ஸின் மூலையில் மண், தரைவிரிப்பைத் தூக்கினால் வரும் புழுங்கல் நெடி. கடலோர வண்டிகளில் துரு வேறு மாதிரி வரும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் உப்புக் காற்றில் நின்றவை கதவின் அடிப்பகுதியிலும் வீல் ஆர்ச்சிலும் முதலில் அரிக்கும். சீட்டுக்கு அடியில் மட்டும் துருப்பிடித்து வெளியே சுத்தமாக இருந்தால் அது கடற்காற்றின் வேலை இல்லை.

இனி இன்ஜின். அதைப் பார்க்கச் சரியான நேரம் அது ஆறிக் கிடக்கும்போது. “பத்து மணிக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு ஒன்பதே முக்காலுக்கே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்கிறவர்கள் உண்டு. போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. இரவெல்லாம் நின்ற இன்ஜினில் ஆயில் முழுக்கக் கீழே வடிந்திருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தளர்ந்த டைமிங் செயின் கலகலக்கும்; வால்வு சீல் கெட்டிருந்தால் முதல் மூச்சிலேயே நீலப் புகை வரும்; டீசல் வண்டியின் குளோ பிளக் போயிருந்தால் இழுத்து இழுத்து எழும். சூடான இன்ஜின் இந்த மூன்றையும் மறைத்துவிடும்.

புகையின் நிறம் ஒரு சுருக்கெழுத்து. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசலோ பெட்ரோலோ சரியாக எரியாமல் போகிறது. ஸ்டார்ட் செய்த உடனே கொஞ்சம் வெள்ளை வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, அதாவது ஹெட் கேஸ்கெட் சந்தேகம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலும் அதே நோய்தான். டீசல் காரில் ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். அது மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வைத்து இன்ஜினை ஓடவிடுவது மெக்கானிக்குகளின் பழைய சோதனை. மூடி துள்ளிக் குதித்து, புகை பீச்சினால் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பார்கள். சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே கசிந்து மேலே வருகிறது என்று அர்த்தம். எல்லா இன்ஜினிலும் இது கொஞ்சம் இருக்கும். டீசலில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி அளப்பதே சரி. அதில் வரும் எண்ணைவிட, ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். நான்கில் மூன்று ஒரே அளவு காட்டி ஒன்று மட்டும் கீழே விழுந்தால், அந்த இன்ஜின் சீக்கிரம் இறங்கப் போகிறது.

நம் ஊர் வெயில் கூலிங் சிஸ்டத்தில் சில கெட்ட பழக்கங்களை உண்டாக்கியிருக்கிறது. வண்டி சூடாகிறது என்றால் ஏன் என்று பார்க்காமல், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது ஒன்று. இன்ஜின் அதன் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. குளிர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அதிக பெட்ரோலைக் கொடுக்கும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். ரேடியேட்டர் ஃபேனை சாவி போட்டதும் ஓடும்படி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவது இன்னொன்று. சாவி திருப்பியதுமே ஃபேன் சுற்றினால் அந்த வண்டிக்கு ஒரு ஓவர்ஹீட் வரலாறு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவது மூன்றாவது. நம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்க வேண்டியது துருக் கலங்கலாக இருந்தால் காரணம் அதுவே. மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய கார்களில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் குறித்து வைக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் பதிவான கோளாறுகள் ‘கோடு’ எனப்படும் குறியீடுகளாகத் தெரியும். கோளாறை அப்படியே வைத்துக்கொண்டு குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு விற்பவர்களுக்கும் இது தெரியும். ஆனால் அழித்ததும் ஒரு தடம்தான். குறியீட்டை அழித்தால், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பகுதிகள் எல்லாம் ‘இன்னும் தயாராகவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். பல கார்களில், கோடு அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் ஸ்கேனர் காட்டும். ஏழு வருஷ வண்டியில் அந்தத் தூரம் 14 கிலோமீட்டர் என்று வந்தால், நேற்றோ இன்று காலையோ யாரோ அழித்திருக்கிறார்கள்.

ஸ்கேனர் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாவியை ஸ்டார்ட் வரை போகாமல் ஆன் நிலையில் வைத்தால் செக் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் சில நொடிகளில் அணையும், செக் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையும். எரியவே எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட மோசம், பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கின் ஒயரோடு சேர்த்துக் கட்டுவது இன்னும் நயமான ஏமாற்று. இரண்டும் எப்போதும் ஒரே நொடியில் அணைந்தால் சந்தேகப்பட வேண்டும். விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றப் பெரிய செலவு ஆகும் என்பதால், வெறும் மூடியை ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஆடியோ சிஸ்டத்தை அணைத்துவிட வேண்டும். விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தால் அவரையும் கொஞ்சம் மௌனமாக இருக்கச் சொல்லலாம். நான்காவது கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடித்தால் வரும் டக்டக் சத்தம் ஆக்சில் ஜாயிண்ட்டுடையது. வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கூடி மறுபக்கம் திருப்பினால் குறைந்தால் வீல் பேரிங். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்குவது மற்ற எல்லாவற்றையும்விட நல்ல சோதனை. லோயர் ஆர்ம் புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் அங்கே வாய் திறந்துவிடும்.

ஓட்டி வந்த பிறகு லிஃப்ட். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். கன்சல்டிங் கடைகள் ‘இருநூறு அம்சப் பரிசோதனை’ முடித்த அறிக்கையைக் காட்டும். அந்த இருநூறில் ஹாரனும் வைப்பரும் சிகரெட் லைட்டரும் ஆளுக்கொரு அம்சம். நமக்குத் தெரிந்த மெக்கானிக் காருக்கு அடியில் டார்ச்சோடு நிற்கும் இருபது நிமிடம் அதைவிடப் பெறும். ஆக்சில் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிகிறதா, சேசிஸ் நேராக இருக்கிறதா என்பதெல்லாம் மேலேயிருந்து தெரியாது. அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால், அது எதை மூடுகிறது என்று கேட்க வேண்டும். இன்ஜின் பகுதியையும் கழுவித் துடைத்து வைத்திருப்பார்கள். ஓட்டி வந்து நிறுத்திய பிறகு பார்ப்பது அதனால்தான்; இருக்கிற கசிவு அதற்குள் மறுபடியும் தலைகாட்டியிருக்கும்.

இவ்வளவும் வாங்குவதற்கு முன். ஆனால் பலர் விலை பேசி, பெயர் மாற்றி, கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்கிய கையோடு வண்டியை நேராக நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். சர்வீஸ் பில் இல்லாத எந்த வேலையும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. ‘போன மாசம்தான் ஆயில் மாத்தினோம்’ என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை. இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், கியர் ஆயில் ஆகியவற்றை ஒரே நாளில் மாற்றி, அன்றைய கிலோமீட்டரை எழுதி வைத்துவிட்டால் வண்டியின் கணக்கு அங்கிருந்து தொடங்கும்.

இதில் அதிகம் பேர் தள்ளிப்போடுவது டைமிங் பெல்ட்டை. மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின் செயினில் ஓடுவது. ரெனோ டஸ்டரின் 1.5 டீசல், பழைய சான்ட்ரோ போன்றவை பெல்ட்டில் ஓடுபவை. பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை வருஷம் என்பதைக் காரின் கையேடு சொல்லும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடிய டாக்டர் வண்டியில் கூட ரப்பர் வயதால் காயும். பெரும்பாலான இன்ஜின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனோடு மோதி வளைந்துவிடும். முன்கூட்டியே மாற்ற ஆகும் செலவைப் போலப் பல மடங்கு அப்போது ஆகும்.

பிரேக் ஆயிலின் கதை இன்னும் ஆபத்தானது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால், 155 டிகிரிக்கு வந்தாலே தேறியதாகக் கணக்கு. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், நான்கு பேரோடும் லக்கேஜோடும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும். சூட்டில் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டானால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய, சில நூறு ரூபாய் ஆயில் அது.

பழைய கார் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட யாருமே செய்யாத ஒரு சோதனைக்குப் பைசா செலவு இல்லை. காரைத் தயாரித்த நிறுவனம் ஏதாவது பாகத்தைத் திரும்ப அழைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. ஏர்பேக்கை விரிக்கும் அம்மோனியம் நைட்ரேட், வருஷக் கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்து தன்மை மாறி, விபத்தின்போது உறையையே உடைத்து இரும்புத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. வெப்பமும் ஈரமும் என்றால் நம் கடலோர ஊர்களை விட்டுவிட முடியாது. இந்தியாவிலும் ஹோண்டா உட்பட நிறுவனங்கள் இந்த ஏர்பேக் உள்ள கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக்கொடுத்தன. அழைப்புக் கடிதம் கம்பெனியின் பதிவில் உள்ள முதல் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். மூன்றாவது கையில் இருக்கும் காருக்கு அது வந்து சேராது. ஆர்சியில் உள்ள 17 இலக்கச் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டோ, சர்வீஸ் சென்டரில் கொடுத்தோ கேட்டால், பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கையும் கூலன்ட் அளவையும் பார்த்துக் குறித்து வைத்தால் போதும். ஆயில் அளவு இறங்கிக்கொண்டே போனால் ஒன்று கசிகிறது, இல்லையென்றால் எரிகிறது. எது என்று தெரிய, இரவில் வண்டிக்கடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைக்கலாம். காலையில் கறுப்பாகவோ பழுப்பாகவோ சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பச்சையோ இளஞ்சிவப்போ, தொட்டால் வழுவழுப்போடு இருந்தால் கூலன்ட். முன்சீட்டுக்கு நேர் கீழே வெறும் தண்ணீர் சொட்டியிருந்தால் அது ஏசியில் வடிந்தது. அதற்காக மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.